சாட்சி வரவில்லை

பாஸ் ஓவர் என்று சொன்னது என் வாய்தான். நம்பரைக் கூப்பிட்டார்கள், எழுந்தேன், "பாஸ் ஓவர் அய்யா" என்றேன், உட்கார்ந்துவிட்டேன். இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள், மற்றதெல்லாம் முடிந்த பிறகு மறுபடி கூப்பிடுங்கள் என்று அர்த்தம். நாங்கள் வக்கீல்கள் தும்மல் போடுகிற மாதிரி சொல்லும் வார்த்தை இது, யோசித்துச் சொல்வதில்லை. முன்சீப் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் என் கேஸ் கட்டை எடுத்து இடது பக்கம் வைத்தார். அங்கே ஏற்கனவே நாலைந்து கட்டுகள் கிடக்கின்றன. சாப்பாட்டு வேளைக்குள் மறுபடி என் முறை வந்துவிடும். அதற்குள் நான் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். பெரிய சட்டப் பிரச்சினை எதுவும் இல்லை. என் கட்சிக்காரர் கொண்டல்சாமி சாட்சி சொல்ல வந்திருக்கிறாரா, வரவில்லையா, இவ்வளவுதான் கேள்வி. வந்திருக்கிறார். கீழே வேப்பமரத்தடியில் நிற்கிற வேனுக்குள், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வந்திருக்கிற மனுஷனை வந்திருக்கிறார் என்று சொல்வதற்கு இவ்வளவு வியர்க்க வேண்டுமா? மின்விசிறி எனக்கு நேர் மேலேதான் சுற்றுகிறது. கழுத்துப்பட்டை நனைந்து ஒட்டுகிறது. அவர் வரவில்லை என்று சொல்வதாகக் காலையில் டீக்கடையில் வைத்துத் தலையாட்டிவிட்டேன், அதுதான்.

தலையாட்டினேன் என்றால், அப்போது அது பொய்யில்லை. அதை நான் எனக்கே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறேன். விடியும்போதே சீனித்தாய் போன் பண்ணினாள். கொண்டல்சாமியின் மகள். "அம்மா, அப்பாவுக்கு ராத்திரி பூரா இழுப்பு. டாக்டரு விடமாட்டேங்காக. இன்னைக்கு வரமுடியாது போலுக்கேம்மா" என்றாள். சரி, பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். போனை வைத்ததும் என்ன நினைத்தேன்? பாவம் மனுஷன் என்று நினைத்தேனா? நினைத்திருப்பேன். ஆனால் அதற்கு முன்னால், அப்பாடா, இன்றைக்கு ஒரு கேஸ் குறைந்தது என்றுதான் நினைத்தேன். அந்த நிம்மதியோடு கோர்ட்டுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஜெயவீரன் அண்ணன் வந்தார். எதிர்த்தரப்பு வக்கீல். எங்கள் பாரிலேயே, அதாவது இந்தக் கோர்ட் வக்கீல்களிலேயே, மூத்தவர்களில் ஒருத்தர். சர்க்கரை ஏறி முகம் வீங்கியிருந்தது. "இந்து, இன்னைக்குக் குறுக்கு விசாரணையெல்லாம் நின்னு செய்ய எனக்கு ஒடம்பு கேக்காதும்மா. புது முன்சீப் நான் கேட்டா வாய்தா தரமாட்டாரு. ஒன் சாட்சி வரலைன்னு நீ சொல்லிரேன்" என்றார். என் சாட்சிதான் வரப்போவதில்லையே. அதைச் சொல்லியிருக்கலாம். அண்ணே, நீங்க கேட்கவே வேண்டாம், எங்க ஆளே வரமுடியாம கிடக்காரு என்று ஒரு வரி. சொல்லவில்லை. டீயை ஒரு வாய் குடித்தேன், கொஞ்சம் யோசிக்கிற மாதிரி மரத்தைப் பார்த்தேன், "உங்களுக்காகச் சொல்றேண்ணே" என்று தலையாட்டினேன். எனக்கு எந்த நஷ்டமும் இல்லாத ஒன்றைப் பெரிய உபகாரம் மாதிரி அவர் தலையில் ஏற்றிவைத்தேன். அவர் கண் கலங்கிவிட்டது. என் டீக்கும் அவரே காசு கொடுத்துவிட்டுப் போனார். நினைத்தால் இப்போதும் வாயில் அந்த டீ கசக்கிறது.

எதற்கு அப்படிச் செய்தேன்? கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. பிழைப்பு புத்தி. தனியாகத் தொழில் நடத்துகிறவர்களுக்கு வருகிற புத்தி. எனக்கு ஜூனியர் கிடையாது. ஒரு அறை, ஒரு குமாஸ்தா, தண்ணீர் கேன் போடுகிறவன் வராவிட்டால் நானே போன் பண்ண வேண்டும், இன்வெர்ட்டருக்கு நானே தண்ணீர் ஊற்ற வேண்டும். மாடியில் இரண்டு கோர்ட். சப் கோர்ட்டில் நான் வாதாடிக்கொண்டிருக்கும்போது முன்சீப் கோர்ட்டில் என் நம்பரைக் கூப்பிட்டால் அங்கே யாராவது எழுந்து, "மேடம் பக்கத்துக் கோர்ட்டில் இருக்காங்க, பாஸ் ஓவர்" என்று சொன்னால்தான் உண்டு. யார் சொல்வது? மற்ற வக்கீல்கள்தான். என் பையனுக்கு மஞ்சள்காமாலை வந்து நான் ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்த நாட்களில் என்னுடைய அத்தனை கேஸுக்கும் எழுந்து நின்றவர் ஜெயவீரன் அண்ணன். எனக்கு எதிராக அவர் ஆஜரான கேஸில்கூட, "எங்க சாட்சி வரலைங்க அய்யா" என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு எனக்கு வாய்தா வாங்கிக் கொடுத்தார். அவருடைய சாட்சி அன்றைக்கு வராந்தாவிலேயே உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரியும். இதுதான் எங்கள் பாரில் நடைமுறை. சட்டப் புத்தகம் எதிலும் இல்லாத நடைமுறை. எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது, ஒரு தலையாட்டல்தான். அதை மீறினால்? அழகுவேல் மீறினார். தலையாட்டிவிட்டு உள்ளே போய், எதிராளி இல்லாமலேயே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வாங்கிவிட்டார். அதற்குப் பிறகு அவருக்காக யாரும் வாய் திறக்கவில்லை. அவர் பாத்ரூம் போன நேரத்தில் அவருடைய கேஸைக் கூப்பிட்டுத் தள்ளுபடி செய்தார்கள், முப்பது வக்கீல்கள் உட்கார்ந்து கூரையைப் பார்த்தார்கள். நானும்தான் பார்த்தேன். இப்போது அவர் தாலுகா ஆபீஸ் வாசலில் அஃபிடவிட்டுக்கு முத்திரை குத்திக்கொண்டிருக்கிறார்.

யாரோ ஒரு அம்மாள் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்கிறாள். கழிவுநீர் வாய்க்கால் தகராறு. "சத்தமாச் சொல்லும்மா" என்கிறார் முன்சீப். சின்ன வயசு அவருக்கு, கண்ணாடி போட்டிருக்கிறார், கையெழுத்து பார்க்க அழகாக இருக்கும். வந்த நாளிலிருந்து ஒரே சட்டம்: சாட்சி வந்துவிட்டால் அன்றைக்கே விசாரித்தாக வேண்டும், திருப்பி அனுப்பக் கூடாது. நல்ல சட்டம்தான். அதைத்தான் நான் இன்றைக்குப் பொய் சொல்லி உடைக்கப் போகிறேன். போகிறேனா? இன்னும் முடிவு செய்யவில்லை. கொண்டல்சாமி ஒரே ஒரு முறை கூண்டில் ஏறினால் போதும். சுண்ணாம்புக் காளவாசலில் வேலை பார்த்து நுரையீரலை எரித்துக்கொண்ட மனுஷன். அதில் மிஞ்சியதை வைத்து இரண்டு அறை வீடு கட்டினார். தளம் போட்ட அன்றைக்கு இவரே சட்டி சுமந்திருக்கிறார். அண்ணன் மகன் பால்ராசு, முதியோர் பென்ஷனுக்குக் கையெழுத்து வேண்டும் என்று சொல்லி ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட்டிப் போய் அந்த வீட்டைத் தன் பேருக்குத் தானமாக எழுதி வாங்கிவிட்டான். எழுதின பத்திரம் பக்காவாக இருக்கிறது. சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் இரண்டு பேரும் பால்ராசின் ஆட்கள். நான் ஏமாந்துதான் கையெழுத்துப் போட்டேன் என்று கொண்டல்சாமி தன் வாயால் சொல்லி, ஜெயவீரன் அண்ணனின் குறுக்குக் கேள்விகளுக்கு நின்று பதில் சொன்னால்தான் அது சாட்சியம். எழுதிக் கொடுத்த வாக்குமூலம் மட்டும் காகிதம்தான். அவர் போய்விட்டால் அந்த வாக்குமூலமும் அவரோடு போய்விடும். அப்புறம் சீனித்தாய் அந்த வீட்டில் இருக்க முடியாது. புருஷன் விட்டுவிட்டுப் போய், தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறவள். அவளுக்கு வேறு வீடு கிடையாது.

கமிஷன் மனு போட்டிருக்கலாம். இது இன்னொரு முள். படுக்கையில் கிடக்கிற சாட்சியை ஒரு வக்கீல் கமிஷனர் நேரில் போய் விசாரித்துக்கொண்டு வரலாம், அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. மாசி மாதமே சொன்னேன் அவரிடம். "வேண்டாம் தாயி. எங்கண்ணன் மகன் மூஞ்சியப் பாத்துச் சொல்லணும். கோர்ட்டுல, கூண்டுல ஏறி. படுத்துக்கிட்டுச் சொன்னா நானே தோத்த மாதிரில்ல இருக்கும்" என்றார். நான் வற்புறுத்தவில்லை. அவருடைய ரோஷத்தை மதித்தேன் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். மனு எழுதணும், டாக்டர் சான்றிதழ் வாங்கணும், எதிர்மனு வரும், அதற்கு ஒரு வாதம், அத்தனை வேலையும் மிச்சமானது என்பதும் உள்ளே எங்கேயோ ஓடியது. இரண்டில் எது முதலில் ஓடியது? தெரியவில்லை. தெரிந்துகொள்ளப் பயமாகவும் இருக்கிறது. கூண்டில் நிற்கிற அம்மாள் வாய்க்கால் எத்தனை அடி அகலம் என்று கேட்டதற்குக் கையை விரித்துக் காட்டுகிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்துவைத்தேன். மனசு இங்கே இல்லாவிட்டாலும் முகம் தன் வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

என் குமாஸ்தா மரியசூசை கோர்ட் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் குனிந்து வந்து காதில் சொன்னார். "அம்மா, கொண்டல்சாமி வந்துட்டாரு. டாக்டர்ட்ட சண்ட போட்டுட்டு வந்துட்டாராம். மூக்குல குழாயோட, சலவச் சட்ட போட்டுக்கிட்டு கீழ வேன்ல இருக்காரு." அப்போது எனக்குள் வந்தது சந்தோஷமா? இல்லை. எரிச்சல். எதற்கு வந்தார் இந்த மனுஷன் என்று. எனக்கு இப்போது அதுதான் மற்ற எல்லாவற்றையும்விட உறுத்துகிறது. தலையாட்டியதைக்கூட மன்னித்துவிடலாம், அது தெரியாமல் செய்தது. சாகப்போகிற ஒருத்தர் என்னை நம்பி எழுந்து வந்திருக்கிறார், நான் அவர்மேல் எரிச்சல்படுகிறேன். அந்த நிமிஷத்தில்தான் நம்பரைக் கூப்பிட்டார்கள், நான் பாஸ் ஓவர் என்றேன். இனி உட்கார்ந்திருக்க முடியாது. எழுந்து முன்சீப்பைப் பார்த்துத் தலை குனிந்துவிட்டு வெளியே வந்தேன். வராந்தாவில் தூணோரம் பால்ராசு நின்றுகொண்டிருந்தான். வெள்ளை வேட்டி, புதுச் செருப்பு. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே வேனையே பார்த்துக்கொண்டிருந்தான். சித்தப்பா எழுந்து வருவார் என்று அவன் நினைக்கவில்லை போலிருக்கிறது, முகம் வெளிறிக் கிடந்தது. அதைப் பார்க்க எனக்கு ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. அவனைப் பயமுறுத்துவதற்கு என்னிடம் ஒரு ஆள் இருக்கிறார், வேனில்.

படி இறங்கும்போதே என்ன சொல்லவேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனேன். உள்ளதைச் சொல்லிவிடுவது. ஐயா, காலையில் நீங்கள் வரமாட்டீர்கள் என்று நினைத்து எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். எனக்காக ஒரு வாய்தா பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லிப் பார்த்தேன், பாதிப் படியிலேயே நாக்கு ஒட்டிக்கொண்டது. எனக்காகவாம். வேனின் கதவைத் திறந்தபோது டெட்டால் வாடையும் வியர்வை வாடையும் சேர்ந்து அடித்தது. சீனித்தாய் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். அவர் என்னைப் பார்த்ததும் குழாயைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். எழுந்திருக்கப் பார்த்தார். "உக்காருங்கய்யா" என்றேன். "இல்ல தாயி, படி ஏறிருவேன். பழகிப் பாத்தேன், ஆஸ்பத்திரிப் படியில ரெண்டு தடவ ஏறி எறங்கினேன். இவளக் கேளுங்க" என்றார். நாலு வார்த்தைக்கு ஒரு மூச்சு. சீனித்தாய், "ஆமாம்மா, நர்சம்மா வைய வைய ஏறுனாரு" என்றாள். அவள் முகத்தில் சிரிப்பு. இன்றைக்கு ஒரு நாளைக்குத்தான் டாக்டர் விட்டிருக்கிறாராம், இந்த சிலிண்டர் சாயங்காலம் வரைக்கும்தான் வருமாம். "என்ன கேப்பாக தாயி அந்த வக்கீலு? கோவப்பட்டுப் பேசிப்பிடாதன்னு சொன்னீகள்ல, அத மட்டும் மனசுல வச்சிருக்கேன்" என்றார். நான் அவர் சட்டையைப் பார்த்தேன். காலர் பட்டன் வரைக்கும் போட்டிருந்தார். மூச்சு முட்டுமே என்று நானே குனிந்து அதைக் கழற்றிவிட்டேன். அவ்வளவுதான் என்னால் செய்ய முடிந்தது. வாய் வேறொன்றைச் சொன்னது. "இன்னும் நேரமாகும்யா. சும்மா ஏறி இறங்கி அலைய வேண்டாம். நானே வந்து கூப்பிடுறேன், அது வரைக்கும் யாரு என்ன சொன்னாலும் இறங்காதீங்க." அக்கறையாகத்தான் சொன்னேன். அக்கறையா அது? மேலே வந்து நிற்கக் கூடாது என்று ஏற்பாடு செய்தேனா? இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டது, பிரிக்க முடியவில்லை.

சரி, ஜெயவீரன் அண்ணனிடமே சொல்லிவிடுவோம் என்று பார் ரூமுக்குப் போனேன். தலையாட்டியது நான், திரும்ப வாங்குவதற்கு அவரிடம்தானே போகவேண்டும். அண்ணே, ஆளு வந்துட்டாரு, ரொம்ப முடியாம இருக்காரு, நீங்க சும்மா ரெண்டு கேள்வி கேட்டு முடிச்சிருங்க என்று கெஞ்சினால் ஒத்துக்கொள்வார். நல்ல மனுஷன்தான். நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார், கால் இரண்டும் வீங்கி செருப்புக்குள் போகாமல் கிடந்தது. சுற்றிலும் நாலைந்து பேர். என்னைப் பார்த்ததும், "வாம்மா இந்து" என்று பக்கத்து நாற்காலியைத் தட்டினார். "இவங்ககிட்ட ஒன்னயப் பத்தித்தான் சொல்லிக்கிட்டிருக்கேன். இந்த பாரில தலையாட்டுனா தலையாட்டுனதுதான்னு இன்னைக்கு யாரு இருக்கா? இந்து ஒருத்திதான்." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர்களில் எத்தனை பேர் எனக்காக எழுந்து நின்றிருக்கிறார்கள், இனி எத்தனை பேர் நிற்க வேண்டியிருக்கும் என்று ஒரு கணக்கு எனக்குள் தானாக ஓடியது. நாளை சப் கோர்ட்டில் எனக்கு ஒரு பெரிய விசாரணை. அதே நேரம் இங்கே மூன்று கேஸ். யார் நிற்பார்கள்? "அண்ணே" என்று ஆரம்பித்தேன். "சொல்லும்மா." நல்ல கண்கள் அவருக்கு. சர்க்கரையால் மங்கிப்போன, ஈரமான கண்கள். கீழே வேன் நிற்பது அவருக்குத் தெரியாது என்று சத்தியம் செய்வேன். பால்ராசு இன்னும் வந்து சொல்லியிருக்க மாட்டான். "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டேன். போட்டேன் என்றார். வெளியே வந்துவிட்டேன். பொம்பளைப் பிள்ளை எவ்வளவு அக்கறையாகக் கேட்கிறது பாருங்கள் என்று அவர் சொல்வது முதுகுக்குப் பின்னால் கேட்டது.

மறுபடி இந்த நாற்காலி. மறுபடி இந்த விசிறி. வாய்க்கால் அம்மாள் போய்விட்டாள், இப்போது ஏதோ ஜீவனாம்சக் கேஸ், புருஷன்காரன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். நான் வேறு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். இதை முன்னாலேயே யோசித்திருக்கலாம். இன்றைக்கு வரவில்லை என்று சொல்வது, அதோடு, அய்யா, நாளைக்கே போடுங்கள், கண்டிப்பாக வந்துவிடுவார் என்று கேட்பது. நாளைக்கு மறுபடி ஒரு வேன், ஒரு சிலிண்டர். செலவை நானே பார்த்துக்கொள்கிறேன். டாக்டரிடம் நானே பேசுகிறேன், வக்கீல் என்றால் கொஞ்சம் பயப்படுவார். ஜெயவீரன் அண்ணனுக்கும் ஒரு நாள் ஓய்வு கிடைத்துவிடும். யாருக்கும் நஷ்டம் இல்லை. ஒரே ஒரு நாள். கோடை விடுமுறைக்கு முன்னால் நாளைதான் கடைசி வேலைநாள், அதனால் என்ன, கடைசி நாள் என்றால் கோர்ட் நடக்காதா? ராத்திரி பூரா இழுப்பு என்று சீனித்தாய் சொன்னாளே. இன்றைக்கு ராத்திரியும் ஒரு ராத்திரி இருக்கிறதே. அதை நான் யோசிக்கக் கூடாது. யோசித்தால் இந்த வழியும் அடைத்துக்கொள்ளும். ஆஸ்பத்திரிப் படியில் ஏறிப் பழகினேன் என்று சொல்கிற மனுஷனுக்கு ஒரு ராத்திரி தாங்காதா? தாங்கும். ரோஷக்காரர். எழுந்தவுடன் உள்ளதைச் சொல்லிவிட்டால்? சாட்சி வந்திருக்கிறார் அய்யா, கீழே இருக்கிறார், மேலே ஏற முடியாது, தயவுசெய்து கீழே வந்து விசாரியுங்கள். சொன்னால் இந்தப் பையன் முன்சீப் எழுந்தே வந்துவிடுவார், அப்படிப்பட்டவர்தான். எழுந்து வருகிற காட்சிகூடக் கண்ணில் தெரிகிறது. ஜெயவீரன் அண்ணன் வீங்கின காலை இழுத்துக்கொண்டு பின்னால் வருகிறார். என்னைப் பார்க்காமல் வருகிறார். அங்கேதான் அந்தக் காட்சி ஒவ்வொரு முறையும் நின்றுபோகிறது. ஜெயவீரன் அண்ணன் உள்ளே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். பால்ராசு அவருக்குப் பின்னால் குனிந்து காதில் ஏதோ சொன்னான். அவர் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தார். வேன் விஷயம் தெரிந்துவிட்டது. இப்போது அவரே சொல்லட்டுமே, பரவாயில்லை இந்து, விடு என்று ஒரு கை அசைக்கட்டுமே. அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் திரும்பிக்கொண்டார். அவருக்கும் கட்சிக்காரன் உண்டு. அவருக்கும் பிழைப்பு உண்டு.

நம்பரைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன். முன்சீப் கட்டைப் புரட்டிக்கொண்டே, "சாட்சி?" என்றார். "வரலைங்க அய்யா" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது. குரல்கூட நடுங்கவில்லை, இத்தனை வருஷப் பழக்கம். "உடல்நிலை சரியில்லை. நாளைக்கே போட்டீங்கன்னா கண்டிப்பா" என்று தொடங்கினேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "போன வாய்தாவுக்கும் வரலை. நாளைக்கு லிஸ்ட் நிரம்பிக் கிடக்கு மேடம்." பிறகு வாசலில் பேர் கூப்பிடுகிற டவாலியைப் பார்த்து, "பேரைக் கூப்பிடுங்க, வரலைன்னு குறிச்சுக்கலாம்" என்றார். இதை நான் எதிர்பார்க்கவில்லை. டவாலி வராந்தாவுக்குப் போய்க் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்துக் கத்தினார். "வாதி கொண்டல்சாமீ!" அந்த ஆளுக்கு அப்படி ஒரு தொண்டை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும். நான் மேஜையைப் பிடித்துக்கொண்டேன். வந்துவிடுவார். இதோ, இருக்கேன்யா என்று கீழேயிருந்து குரல் வரும். நான் பொய் சொன்னது இந்த ஹால் முழுவதுக்கும் தெரிந்துவிடும். கடவுளே, வரட்டும். வரட்டும், என் மானம் போகட்டும், வரட்டும். "வாதி கொண்டல்சாமீ!" அப்படித்தான் வேண்டிக்கொண்டேனா? வந்துவிடக் கூடாது என்றும் கூடவே ஒரு குரல் வேண்டிக்கொண்டது, அதுவும் என் குரல்தான். "வாதி கொண்டல்சாமீ!" கீழே ஒரு ஆட்டோ ஹாரன் கேட்டது. வேறு ஒன்றும் கேட்கவில்லை. டவாலி திரும்பி வந்து, "இல்லீங்கய்யா" என்றார். முன்சீப் எழுதினார். "ஜூன்ல, கோர்ட் திறந்த பிறகு. கடைசி வாய்ப்பு மேடம், இதுக்கு மேல கிடையாது." அந்த அழகான கையெழுத்தில் எழுதிக் கட்டை மூடினார். ஜூன். நான் தலை வணங்கினேன், பழக்கம். வெளியே வரும்போது பால்ராசு கதவோரம் ஒதுங்கி வழி விட்டு, இரண்டு கையையும் சேர்த்து எனக்கு ஒரு கும்பிடு போட்டான். இந்த மூன்று வருஷத்தில் அவன் என்னைக் கும்பிட்டது இதுதான் முதல் தடவை.

படி இறங்குகிறேன். பதில் வரவில்லையே, ஏன் வரவில்லை? அந்தத் தொண்டைக்குக் கேட்காமலா இருக்கும்? தூங்கிவிட்டாரா? மயக்கமா? அதற்கு மேல் ஒன்று தோன்றியது, அதை உள்ளேயே அமுக்கிக்கொண்டு கடைசிப் படிகளில் ஓடினேன். கோட்டு கைப்பிடியில் மாட்டி இழுத்தது. வேனின் கதவு திறந்திருந்தது. அவர் நன்றாக விழித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். சீனித்தாயின் கையை இறுக்கிப் பிடித்திருந்தார், அவள் அழுகிற மாதிரி நின்றாள். "பாருங்கம்மா, மூணு தடவ கூப்பிட்டாக. ஓடிப்போயிச் சொல்லுதேங்கேன், விடவே இல்ல" என்றாள். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பள்ளிக்கூடத்தில் சொன்னபடி செய்துவிட்டு நிற்கிற பிள்ளை மாதிரி ஒரு சிரிப்பு. "இவளுக்கு வெவரம் தெரியல தாயி. எம்பேரு நல்லாக் கேட்டுச்சு. வாயி வரைக்கும் வந்துருச்சு. ஆனா நீங்க வந்து கூப்பிடாம, யாரு என்ன சொன்னாலும் எறங்கப்பிடாதுன்னு சொன்னீகள்ல. கேஸுல என்ன சூட்சுமமோன்னு மூச்சு விடாம இருந்தேன். சரியாத்தான இருந்தேன்?" "சரியாத்தான் இருந்தீங்கய்யா" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கழற்றியிருந்த காலர் பட்டனை மறுபடி போட்டார். அப்புறம் மகளின் தோளைப் பிடித்து, ஒரு காலை வேனின் படியில் இறக்கி வைத்தார். "அப்ப வாங்க தாயி, மேல போவோம்" என்றார்.